ஃபிலிம் கேமராவில் ஃபிலிம் தட்டையாக நிற்பது எப்படி: குவியம் பிசகாமல் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

85 மி.மீ. லென்ஸை எஃப்/1.4 வரை முழுதாகத் திறந்து, இரண்டு மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவரின் கண்ணில் குவியத்தைக் கவனமாக வைத்துப் படம் எடுக்கிறீர்கள். நெகட்டிவைக் கழுவிப் பார்த்தால் கண் சற்றே மங்கியும் மூக்கின் நுனி கூர்மையாகவும் இருக்கின்றன. உடனே லென்ஸின் மீது சந்தேகம் எழும். பிறகு பிம்பத்தை நம் கண்ணுக்குத் திருப்பும் கேமராவின் உள்கண்ணாடி மீதும், கடைசியில் நம் கண் மீதும் எழும். ஃபிலிம் தான் நிற்க வேண்டிய இடத்திலிருந்து 0.06 மி.மீ. பின்னுக்கு நின்றிருந்தாலே இவ்வளவும் நடந்துவிடும் என்பது பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்கு எளிது. அந்தத் தொலைவில் அந்த லென்ஸ் தரும் பிம்பம், பொருளைவிட ஏறத்தாழ 22.5 மடங்கு சிறியது. ஃபிலிம் முன்னும் பின்னும் நகரும்போது, பொருளின் பக்கத்தில் குவியம் நகரும் அளவு இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது ஏறத்தாழ 500 மடங்கு. 0.06 மி.மீ. என்பது அங்கே மூன்று சென்டிமீட்டராகிவிடுகிறது. கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் உள்ள தொலைவு ஏறக்குறைய அவ்வளவுதான்.

லென்ஸின் துளையைக் குறைத்தால் இந்தப் பிழை மறைந்துவிடும். ஒரு புள்ளி மங்கிப் பரவும் வட்டம் 0.03 மி.மீ. அகலம் வரை ஏற்கத்தக்கது என்று வைத்துக்கொண்டால், ஃபிலிம் முன்பின்னாக விலகக்கூடிய அளவு, எஃப் எண்ணை 0.03 ஆல் பெருக்கினால் கிடைக்கும்: எஃப்/1.4 இல் 0.042 மி.மீ., எஃப்/2.8 இல் 0.084 மி.மீ., எஃப்/8 இல் 0.24 மி.மீ. எனவே எப்போதும் எஃப்/8 இல் படம் எடுப்பவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. துளையை அகலத் திறந்து எடுப்பவர்கள் மேலே படிக்கலாம்.

முதல் படி: பின்கதவைத் திறந்து உறுப்புகளை அடையாளம் காணுதல்

நிக்கான் எஃப்எம்2, பென்டாக்ஸ் கே1000 போன்ற ஏதேனும் ஒரு 35 மி.மீ. கேமராவை எடுத்துக்கொண்டு, ஃபிலிம் இல்லாதபோது பின்கதவைத் திறந்து பாருங்கள். நடுவில் 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் உள்ள சன்னல் இருக்கும். அதன் மேலும் கீழும் இரண்டிரண்டாக, மெருகேற்றிய நான்கு உலோக வரம்புகள் படுக்கைவாட்டில் ஓடுவதைக் காணலாம். இவற்றை ரெயில்கள் என்பார்கள். சன்னலை ஒட்டி உள்ள உட்புற இரண்டின் மேல் ஃபிலிமின் துளையிட்ட விளிம்புகள் அமர்கின்றன. அவற்றுக்கு வெளியே உள்ள இரண்டும் சற்று உயரமானவை. அவை ஃபிலிமை மேலும் கீழும் நழுவாமல் காக்கின்றன. அதோடு, கதவை மூடும்போது, கதவில் வில்லோடு பொருத்தப்பட்டிருக்கும் பிரஷர் பிளேட் அவற்றின் மேல்தான் வந்து அமர்கிறது.

இந்த இடத்தைச் சற்று நிதானமாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரஷர் பிளேட் என்ற பெயர் பலரையும் ஏமாற்றிவிடுகிறது. அது ஃபிலிமை அழுத்திப் பிடிக்கிறது என்றே எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலான 35 மி.மீ. கேமராக்களில் அது அழுத்துவது வெளி ரெயில்களைத்தான். வெளி ரெயில் உள் ரெயிலைவிட ஏறத்தாழ 0.2 மி.மீ. உயரம், ஃபிலிமின் தடிமனோ ஏறத்தாழ 0.14 மி.மீ. ஆகவே ஃபிலிம் ஓடுவது ஒரு குறுகிய சந்துக்குள். அந்தச் சந்தில் 0.06 மி.மீ. அளவுக்கு இடம் மிச்சமிருக்கிறது. அப்படி மிச்சம் வைக்காமல் இறுக்கிப் பிடித்தால், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஃபிலிம் கீறப்படும், துளைகள் கிழியும், இழுவையும் சீராக இராது.

அந்த மிச்ச இடத்துக்குள் ஃபிலிம் எங்கே நிற்கும் என்பதை அதன் சுருளும் இயல்பு முடிவு செய்கிறது. ஃபிலிமின் ஒரு பக்கத்தில் பூசிய ஒளியுணர் படலமான எமல்ஷன் முக்கியமாக ஜெலட்டின். ஈரத்தில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது ஃபிலிம் எமல்ஷன் பக்கமாக, அதாவது லென்ஸை நோக்கிக் குழிகிறது. இதை ஈடுகட்டுவதற்காகப் பல ஃபிலிம்களில் பின்புறமும் ஒரு ஜெலட்டின் பூச்சு தரப்படுகிறது. ஆனாலும் குழிவு முழுதாக நீங்குவதில்லை. எனவே விளிம்புகள் உள் ரெயில்களைத் தொட்டுக்கொண்டும், நடுப்பகுதி பின்னே பிரஷர் பிளேட்டைத் தொட்டுக்கொண்டும் நிற்கும். கேமரா செய்பவர்களும் இதை அறிந்தே அளவு வைத்திருக்கிறார்கள். லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம் தளம் வரையிலான தொலைவு நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ., பென்டாக்ஸ் கே வகையில் 45.46 மி.மீ., லைகா எம் வகையில் 27.8 மி.மீ. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை சொல்லப்படும் இந்த எண்களுக்குப் பின்னால், அவ்வளவு நேர்த்தியாக ஒருபோதும் நிற்காத ஒரு பொருள் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: துடைத்தலும் சோதித்தலும்

மேலே சொன்னதிலிருந்தே ஒன்று விளங்கும்: ஃபிலிமின் இடத்தை நிர்ணயிப்பது வில்லின் வலு அல்ல, ரெயில்களின் உயரமும் பிளேட்டின் சமதளமும்தான். பிளேட்டு வெளி ரெயில்களில் நன்றாகப் படிந்துவிட்டால், வில்லை இன்னும் இறுக்குவதால் ஃபிலிமுக்கு எந்தப் பயனும் இல்லை. ஃபிலிம் தட்டையாக நிற்கவில்லை என்று நினைத்து வில்லை வளைத்து இறுக்குவதும், பிளேட்டின் பின்னால் அட்டைத் துண்டு செருகுவதும் பழைய கேமராக்களில் அவ்வப்போது காணக்கூடிய வைத்தியங்கள். இவை நோயைத் தீர்ப்பதில்லை. பிளேட்டைக் கோணலாக்கிப் புதிய நோயைத்தான் தருகின்றன.

கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, காற்றூதும் ரப்பர் குமிழால் தூசியை வெளியேற்றுங்கள். பிறகு பஞ்சு முனையில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சிறிதளவு தொட்டு, நான்கு ரெயில்களையும் நீளவாக்கில் துடையுங்கள். ஷட்டர் திரையையோ தகடுகளையோ எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. வெளி ரெயிலில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகளோ, எப்போதோ கிழிந்த ஃபிலிமின் சிறு துணுக்கோ பிளேட்டின் ஒரு மூலையைத் தூக்கிவிடப் போதும். ரெயில்களில் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தால் பிசிறும் பள்ளமும் தட்டுப்படும். பிசிறு இருந்தால் நீங்களே உப்புத்தாளால் தேய்க்க முற்படாமல், பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. நீங்கள் தேய்த்தெடுக்கும் ஒவ்வொரு நூறில் ஒரு மில்லிமீட்டரும் குவியத்திலிருந்து போகிறது.

அடுத்து பிளேட்டு. ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பை அதன் மேல் நிறுத்தி, பின்னால் விளக்கொளி இருக்கும்படி கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் ஒளிக்கீற்று எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திவிட்டால் ஒரே விதமாக உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். ஒளி கசியாமலிருக்க ஓரங்களில் ஒட்டும் நுரைப்பட்டையை அண்மையில் மாற்றியிருந்தால், அது அளவுக்கு மீறித் தடிப்பாக இருந்து கதவை முழுதாகப் படியவிடாமல் தடுக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில பிளேட்டுகளில் சிறு சிறு குழிகள் வரிசையாக இருக்கும், அவை பழுதல்ல. ஃபிலிம் பிளேட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக வைக்கப்பட்டவை. ஒளி பின்னோக்கிப் பட்டுத் தெறிப்பதைத் தடுக்கும் பூச்சு இல்லாத கோடக் எச்ஐஇ அகச்சிவப்பு ஃபிலிமை இத்தகைய கேமராக்களில் போட்டவர்கள், அந்தக் குழிகளின் வரிசை தங்கள் படங்களிலேயே புள்ளிகளாகப் பதிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் படி: தேய்த்த கண்ணாடியால் முடிவிலியைப் பார்த்தல்

ஃபிலிம் நிற்கும் இடத்தில் பிம்பம் உண்மையில் கூர்மையாக விழுகிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு பக்கம் தேய்த்த மெல்லிய கண்ணாடித் துண்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, பூட்டக்கூடிய கேபிள் ரிலீஸ், ஸ்டாண்டு ஆகியவை வேண்டும். அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பி நிலையில் வைத்து, ஷட்டரைத் திறந்து பூட்டுங்கள். லென்ஸை முழுத் துளைக்குத் திறந்து, முடிவிலிக் குறியில் நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுரத்தையோ செல்பேசிக் கம்பத்தையோ நோக்குங்கள். கண்ணாடியின் தேய்த்த பக்கம் லென்ஸை நோக்கி இருக்க வேண்டும்.

இங்கேதான் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். கையிலிருந்த கண்ணாடித் துண்டு அகலமாக இருந்ததால் அது வெளி ரெயில்களின் மேல் அமர்ந்துவிட்டது. முடிவிலியில் பிம்பம் மங்கலாக இருந்தது. லென்ஸின் அளவே தவறிவிட்டது என்று முடிவு கட்டி, அதைக் கழற்றிச் சரிசெய்யச் சொல்லும் வரை போய்விட்டேன். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்திலிருந்து 0.2 மி.மீ. பின்னால் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். எனவே துண்டின் அகலம் ஃபிலிமின் அகலமான 35 மி.மீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். அப்போதுதான் அது வெளி ரெயில்களுக்கு இடையில் இறங்கி, உள் ரெயில்களில் படியும். கண்ணாடிக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அது தொய்ந்துவிடும்; தொய்ந்த ஒன்றை வைத்து ஃபிலிமின் தொய்வை அளப்பது வீண்.

கண்ணாடி காட்டுவது உள் ரெயிலின் தளத்தை மட்டுமே. ஃபிலிமின் நடுப்பகுதி அதைவிடச் சற்றுப் பின்னால் நிற்கும் என்று முன்பே பார்த்தோம். ஆகவே இந்தச் சோதனை பெரிய பிழைகளைப் பிடித்துத் தரும். இறுதித் தீர்ப்பை ஃபிலிம்தான் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: ஃபிலிமை இழுவிசையோடு ஏற்றுதல்

ஃபிலிமின் முனையைச் சுற்றும் உருளையில் செருகி, பற்சக்கரத்தின் பற்கள் மேலும் கீழும் துளைகளில் மாட்டியதை உறுதி செய்துகொண்டு கதவை மூடுங்கள். பிறகு திரும்பச் சுற்றும் கைப்பிடியை, ஃபிலிமைக் குப்பிக்குள் இழுக்கும் திசையில், லேசான தடை தெரியும் வரை திருப்பி நிறுத்துங்கள். இது ஒரு விநாடி வேலை. குப்பிக்குள் இருக்கும் தளர்ச்சி இதனால் நீங்கி, முதல் படத்திலிருந்தே ஃபிலிம் சன்னலுக்குக் குறுக்கே விறைப்பாக நிற்கிறது. தடை தெரிந்த பிறகும் முறுக்கினால் துளைகள் கிழியும்.

உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில், சுற்றும் உருளை ஃபிலிமை எமல்ஷன் வெளிப்புறம் இருக்கும்படி தலைகீழாகச் சுற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். குப்பியில் உள்நோக்கிச் சுருண்டு பழகிய ஃபிலிமை எதிர்த்திசையில் வளைப்பதால், அதன் சுருளும் பழக்கம் ஓரளவு முறிகிறது.

ஐந்தாம் படி: சோதனைப் படங்கள் எடுத்து வாசித்தல்

ஒரு பலகையில் செய்தித்தாளை ஒட்டி, அடிப்பகுதி அருகிலும் மேற்பகுதி தொலைவிலும் இருக்கும்படி 45 பாகை சாய்த்து வையுங்கள். நடுவில் படுக்கைவாட்டில் ஒரு தடித்த கோடு வரையுங்கள். 50 மி.மீ. லென்ஸை முழுத் துளையில் வைத்து, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து அந்தக் கோட்டில் குவியத்தை நிறுத்துங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வைத்து எடுக்க வேண்டும் என்பது முக்கியம். ஃபிலிமின் குழிவு அதன் 24 மி.மீ. குறுக்களவில்தான் அதிகம், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால்தான் அந்தக் குறுக்களவு கோட்டோடு இணையாக அமைந்து, குழிவு கண்ணுக்குப் புலப்படும்.

மூன்று படங்களை அடுத்தடுத்து எடுங்கள். பிறகு கேமராவை அப்படியே ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் காலையில் மேலும் மூன்று எடுங்கள். கழுவிய நெகட்டிவை ஒளிமேசையில் உருப்பெருக்கியால் பாருங்கள். ஸ்கேன் செய்த படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல ஸ்கேனர்கள் ஃபிலிமை கேமரா பிடிக்கும் அளவுக்குக்கூடத் தட்டையாகப் பிடிப்பதில்லை.

சாய்ந்த தாளில் எழுத்துகள் கூர்மையாக இருக்கும் பகுதி ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைதான் ஃபிலிம் தளத்தின் வரைபடம். இந்தத் தொலைவில் 0.06 மி.மீ. விலகல் தாளின் மேல் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டராகத் தெரியும் என்பதால், கண்டுபிடிப்பது கடினமல்ல. பட்டை நேராக இருந்து, ஆறு படங்களிலும் கோட்டுக்கு ஒரே அளவு கீழே அல்லது மேலே விழுந்திருந்தால், ஃபிலிமைக் குறை சொல்ல முடியாது. எஸ்எல்ஆர் கேமராவின் கண்ணாடியோ குவியத் திரையோ, அல்லது வேறு வகைக் கேமராக்களில் தொலைவை அளந்து குவியம் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரோ தவறியிருக்கிறது. பட்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், முதலில் கேமராவைப் பலகைக்கு நேராக வைத்தோமா என்று பார்த்துவிட்டு, பிறகு பிளேட்டின் கோணலையும் ரெயிலில் உள்ள அழுக்கையும் லென்ஸ் வளையத்தையும் அந்த வரிசையில் சந்தேகியுங்கள். பட்டை நடுவில் கீழ்நோக்கித் தொய்ந்திருந்தால், அது ஃபிலிமின் நடுப்பகுதி பின்னுக்கு நிற்பதன் அடையாளமாக இருக்கலாம். லென்ஸின் குவியத்தளமே வளைந்திருந்தாலும் இதே போன்ற வளைவு வரும். ஆனால் அது எல்லாப் படங்களிலும் மாறாமல் இருக்கும். படத்துக்குப் படம் வளைவு மாறினால், குறிப்பாக இரவு கடந்த பின் எடுத்த முதல் படத்தில் மட்டும் மாறினால், காரணம் ஃபிலிம்தான்.

ஆறாம் படி: 120 ஃபிலிமுக்கான தனிக் கவனம்

35 மி.மீ. ஃபிலிமில் இதுவரை சொன்ன சிக்கல்கள் எல்லாம், பின்தாளோடு உருளையில் சுற்றி வரும் அகலமான 120 ஃபிலிமில் பெருகிவிடுகின்றன. சன்னல் 56 மி.மீ. அகலம், தாங்குவதற்கு விளிம்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் உண்டு, இழுத்துப் பிடிக்கத் துளைகள் இல்லை, ஃபிலிமும் பின்தாளும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பது தொடக்க முனையில் மட்டுமே. பிரஷர் பிளேட் தொடுவது பின்தாளை. தாள் தொடுவது ஃபிலிமை.

1965 இல் வந்த 220 ஃபிலிமில் இரு முனைகளில் மட்டுமே தாள் உண்டு. படம் விழும் பகுதியில் இல்லை. அதனால் அது மேலும் தட்டையாக நின்றது. லென்ஸ் செய்யும் ஜெய்ஸ் நிறுவனமும் அகலத் துளையில் எடுப்பவர்களுக்கு 220 ஐயே பரிந்துரைத்தது. இரண்டையும் ஏற்கும் கேமராக்களில், தாளின் தடிமனை ஈடுகட்ட பிரஷர் பிளேட்டை இரு நிலைகளில் மாற்றி வைக்கலாம். யாஷிகா மேட் 124ஜி, மாமியா சி330, பென்டாக்ஸ் 67 ஆகியவை எடுத்துக்காட்டுகள். பழைய கேமராவை வாங்கியவுடன் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான். முந்தைய உரிமையாளர் 220 நிலையில் விட்டுச் சென்றிருந்தால், நீங்கள் போடும் 120 ஃபிலிம் இறுகி இழுபடும்.

120 ஃபிலிமின் உண்மையான பகை காத்திருப்பு. ரோலிஃபிளெக்ஸ் கேமராவில் ஃபிலிம் கீழ் உருளையிலிருந்து புறப்பட்டு, ஒரு திருப்பத்தில் செங்கோணமாக வளைந்து சன்னலுக்கு ஏறுகிறது. ஹாசல்பிளாட் கேமராவின் ஃபிலிம் பெட்டியில் அது தன் இயல்பான சுருளுக்கு எதிர்த்திசையில் வளைக்கப்படுகிறது. இரண்டிலும், கேமரா சில மணி நேரம் சும்மா இருந்தால், வளைவில் நின்ற பகுதி அந்த வளைவைப் பழகிக்கொள்கிறது. அடுத்த முறை சுற்றும்போது அந்தப் புடைப்பு சன்னலுக்குள் வந்து நிற்கும்.

படம் எடுப்பதற்குச் சற்று முன்புதான் சுற்ற வேண்டும் என்ற அறிவுரை பரவலாக உண்டு. சன்னலுக்குள் காத்திருக்கும் ஃபிலிம் ஈரம் ஏறித் தளர்வதை அது தடுக்கும் என்பது உண்மை. ஆனால் திருப்பத்தில் விழுந்த மடிப்பை அது தடுக்காது. எப்போது சுற்றினாலும் மடிப்பு ஏதோ ஒரு படத்துக்குள் வரத்தான் செய்யும். மேலும் ஹாசல்பிளாட் 500சி/எம் போன்றவற்றில் சுற்றாவிட்டால் கண்ணாடி கீழே இறங்காது, எதையும் பார்க்கவும் முடியாது. எனவே நான் பின்பற்றுவது வேறு வழி: நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் இரண்டு படங்களை எஃப்/8 அல்லது அதற்கும் சிறிய துளையில் எடுப்பேன், எஃப்/2.8 இல் எடுத்தே ஆக வேண்டிய படமென்றால், ஒரு படத்தைப் பலி கொடுத்து மேலே போவேன். ஒரு சுருளைத் தொடங்கினால் அதே நாளில் முடித்துவிடுவது இன்னும் நல்லது.

கேமரா செய்தவர்கள் கண்ட மாற்று வழிகள்

சந்துக்குள் ஃபிலிம் தானாகத் தட்டையாகும் என்று நம்பியிராமல், அதைக் கட்டாயப்படுத்த முயன்றவர்களும் உண்டு. 1990 இல் வெளிவந்த கான்டாக்ஸ் ஆர்டிஎஸ் III, பீங்கானால் செய்த பிரஷர் பிளேட்டில் காற்றை உறிஞ்சி, படம் விழும் கணத்தில் ஃபிலிமைப் பின்னோக்கி இழுத்து ஒட்டவைத்தது. பின்னர் வந்த கான்டாக்ஸ் 645 க்கும் இதே ஏற்பாடு கிடைத்தது; ஆனால் 220 ஃபிலிமுக்கு மட்டுமே. 120 இல் உறிஞ்சினால் பின்தாள்தான் ஒட்டும், ஃபிலிம் ஒட்டாது.

ரோலி நிறுவனம் எதிர்ப்பக்கத்திலிருந்து அணுகியது: ஃபிலிமுக்கு முன்னால் சமதளக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, அதன் மேல் ஃபிலிமைப் படிய வைத்தது. தட்டை நன்றாகவே கிடைத்தது. கூடவே தூசியும் கீறலும் கிடைத்தன. 1969 இல் நிலவில் பயன்பட்ட ஹாசல்பிளாட்டிலும் ஃபிலிமுக்கு முன்னால் கண்ணாடி இருந்தது. அதில் பத்து மில்லிமீட்டர் இடைவெளியில் பொறிக்கப்பட்ட 25 சிலுவைக் குறிகளே நிலவுப் படங்களில் நாம் காண்பவை. ஃபிலிம் கழுவி உலர்த்தும்போது எவ்வளவு நெளிந்தது என்பதைப் பின்னால் அளந்து திருத்துவதற்கு அவை உதவின. சிறிய மினாக்ஸ் கேமராவோ, படம் எடுக்கும்போது மட்டும் பிளேட்டை அழுத்தி, சுற்றும்போது தளர்த்திவிடும் எளிய தீர்வைக் கண்டது.

தட்டையாக இருக்க வேண்டும் என்பதே லென்ஸின் கட்டளைதான். ஒற்றை வில்லை கொண்ட, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கேமராவைப் பிரித்துப் பார்த்தால், அதன் சன்னல் வேண்டுமென்றே வில்லாக வளைக்கப்பட்டிருக்கும். அந்த எளிய லென்ஸின் பிம்பமே வளைந்து விழுவதால், ஃபிலிமும் அதற்கேற்ப வளைகிறது. பாலோமர் மலையிலுள்ள 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியில் 14 அங்குலக் கண்ணாடித் தகடுகளையே இதற்காக வளைத்துப் பொருத்தினார்கள்.

கடைசியாக, தாள் ஃபிலிம்

சுருளாக அல்லாமல் தனித்தனித் தாளாக வரும் 4×5 அங்குல ஃபிலிமைப் பிடிக்கும் சட்டமான ஹோல்டரின் ஆழம் அமெரிக்கத் தர அளவின்படி 0.197 அங்குலம், கூடவோ குறையவோ 0.007 அங்குலம், அதாவது 5 மி.மீட்டரும், ஏறத்தாழ 0.18 மி.மீ. விலகலும். 35 மி.மீ. கேமராவில் இந்த விலகல் பேரிழப்பு. இங்கே பெரும்பாலும் எஃப்/22 இல் எடுப்பதாலும், நெகட்டிவைக் குறைவாகவே பெரிதாக்குவதாலும் அது பொருட்டாவதில்லை. கேமராவைத் தரையை நோக்கிக் கவிழ்த்து எடுக்கும்போது மட்டும் தாள் தன் எடையாலேயே முன்னோக்கித் தொய்யும். ஹோல்டரைச் செருகுமுன் அதன் அடி விளிம்பை உள்ளங்கையில் மெல்லத் தட்டினால் தாள் தன் பள்ளத்தில் கீழே போய் அமர்ந்துகொள்ளும். செருகிய பிறகு ஓரிரு நிமிடம் பொறுத்து, தாள் அசைந்து அடங்கிய பின் ஷட்டரை விடுங்கள்.